ஒரு கண் பாலம்

எனக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கத் தம்மம்பட்டிக்குப் போன அன்று எங்கள் சனமெல்லாம் பார்க்க வேண்டியதைப் பார்த்ததாம். பெரியப்பா கிணற்றை எட்டிப் பார்த்தார். அம்மா அடுப்படியை நோட்டம் விட்டாள். அப்பா தோட்டத்தின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்தார். இஞ்சினியர் மாமா மட்டும் காப்பி டம்ளரும் கையுமாக எழுந்து வீட்டுக்குப் பின்புறம் போய்விட்டார். தேடிக்கொண்டு போன என் மாமியார், பின்சுவர் ஓரமாக அவர் குந்த வைத்து உட்கார்ந்து, முழங்கால் உயரத்தில் சுவரில் உள்ளங்கையைப் பதித்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார். விரிசல் ஏதும் கண்டுபிடித்துவிட்டாரோ என்று. மாமா நிமிர்ந்து, "ஏனுங்க, இந்தக் கறை எந்த மழையில வந்துச்சுங்க?" என்று கேட்டாராம். பெண் கொடுக்க வந்தவர்களிடம் யாராவது எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது என்று சொல்வார்களா? என் மாமியார் சொன்னார். பெரியவன் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மழை, தொட்டிலைத் தூக்கி உத்தரத்தோடு கட்டினோம் என்றார். திரும்பி வரும்போது காருக்குள் அப்பா, நிலம் கொஞ்சம் கம்மிதான் என்று இழுத்திருக்கிறார். மாமா, "குடுக்கலாம் மச்சான். தண்ணி வந்ததை மறைக்காமச் சொல்ற ஊடு" என்றார். என் கல்யாணம் இப்படித்தான் முடிவானது. இன்றுவரை அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, மாட்டுக்கொட்டகை ஒழுகுவதைத் தவிர.

மாமா என்றால் என் அத்தையின் கணவர். ஓமலூர்க்காரர். அவர் பக்கத்திலும் சரி, எங்கள் பக்கத்திலும் சரி, இஞ்சினியருக்குப் படித்த முதல் ஆள். ரயில்வேயில் வேலை கிடைத்தது என்றதும் ஊரில் எல்லாரும் ரயில் ஓட்டப் போகிறார் என்றே நினைத்தார்கள். அத்தையைக் கட்டிக் கொடுத்தபோது, புகையும் கரியுமாக வீட்டுக்கு வருவாரே, வெள்ளை வேட்டி கட்டுவாரா என்று சொந்தக்காரப் பெண்கள் கேலி பேசினார்களாம். அவர் சளைக்காமல் எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொல்வார். ரயிலை நான் ஓட்டறதில்லீங்க, அது கீழ உழுந்துறாமப் பாத்துக்கறேன் என்பார். உண்மையில் அதுதான் அவர் வேலை. தண்டவாளத்துக்குக் கீழே இருக்கிற ஜல்லி, ஜல்லிக்குக் கீழே இருக்கிற மண், மண்ணுக்குக் கீழே ஓடுகிற தண்ணீர், இவற்றோடுதான் அவர் பிழைப்பு.

மீட்டர் கேஜ் காலத்தில் தெற்கே வறண்ட சீமையில் ஆரம்பித்தார். நாலு பேர் தள்ள, தள்ளுவண்டியில் குடை பிடித்து உட்கார்ந்துகொண்டு மைல் கணக்கில் பாதையைப் பார்த்துக்கொண்டே போவாராம். அப்புறம் மலைப்பாதை, அப்புறம் ஆந்திரக் கடற்கரை. அத்தை போகிற ஊரிலெல்லாம் புதிதாக ஒரு பாஷையில் கத்தரிக்காய் விலை கேட்கப் பழகினாள். கடற்கரையில் இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் ஓடைப்பாலம் ஒன்றின் ஓரம் கரைந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதாம். ரோந்து போன கேங்மேன் ஒருவர் பார்த்துச் சிவப்பு விளக்கைக் காட்டியதால் வண்டி கொஞ்ச தூரத்துக்கு முன்னால் நின்றது. அதில் இருந்தவர்கள் இறங்கி ஜல்லியில் உட்கார்ந்து குழந்தைகளுக்குப் பால் கொடுத்ததை மாமா பார்த்திருக்கிறார். அதற்கப்புறம்தான் அவருக்கு அந்த வழக்கம் வந்தது என்று அத்தை சொல்வாள்.

வழக்கம் என்றால் இதுதான். எந்த ஓடைக்குப் பாலம் போடுவதாக இருந்தாலும், கணக்கு என்ன சொன்னாலும், அந்த ஊரில் மூன்று பேரையாவது கேட்காமல் எழுத மாட்டார். ஒரு வயசானவர், ஆடு மாடு மேய்க்கிற ஒருத்தர், கட்டாயம் ஒரு பெண். கேட்டால் வாயால் சொல்வது போதாது. மரத்திலோ சுவரிலோ கையை வைத்துக் காட்டச் சொல்வார். மூன்று கையில் எது உயரமோ அதுதான் வெள்ள மட்டம். "மழையை ஆம்பளைகிட்டக் கேளு, தண்ணியைப் பொம்பளைகிட்டக் கேளு" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். ஆண்கள் பேய் மழை, ஊழி மழை என்று அளப்பார்களாம். அரிசிப் பானையை எந்தப் படிக்குத் தூக்கி வைத்தோம் என்பது பெண்களுக்குத்தான் தெரியுமாம்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச வருஷம் முன்னால் அவருக்கு எங்கள் பக்கமே மாற்றலாகி வந்தது. சேலத்துப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர் வழியாகப் புதுப் பாதை போடப் போகிறார்கள், நாமக்கல்லுக்கே ரயில் வரப் போகிறது என்று பேச்சு. லாரி தவிர வேறொன்றையும் நம்பாத ஊர் இது. ரயிலாவது வருவதாவது என்று சிரித்தவர்களெல்லாம் காட்டில் கல் நட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். எங்கள் ஊரை ஒட்டிய துண்டுக்கு மாமாவே பொறுப்பு. அப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நம்ம மாப்பிள்ளை போடுற ரோடு என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் எங்கள் ஊருக்கு அளக்க வந்த நாளில் நானும் பிள்ளையோடு வந்திருந்தேன். மாப்பிள்ளை வருகிறார் என்றால் எங்கள் வீட்டில் சும்மாவா? விடிந்ததிலிருந்து ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. அவர் ஆபீஸ் ஆட்களோடு வெயிலில் நிற்க, அப்பா பக்கத்திலேயே குடை பிடிக்காத குறையாக நின்றார். கிராமத்து வரைபடத்தில் எங்கள் தோட்டத்துக்குக் குறுக்கே ஓடை ஒன்று மெல்லிய கோடாக இருந்தது. மேற்கே கரட்டுக் குன்றிலிருந்து இறங்கி, கீழத்தெருவைத் தொட்டுக்கொண்டு, எங்கள் நிலத்தின் வழியாக ஏரிக்குப் போகிற ஓடை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் கால் நனைத்திருக்கிறேன். பிறகு மழையில்லாத வருஷங்கள் வந்தன. அப்பா இரண்டு கரையையும் வெட்டித் தள்ளி, சமன் செய்து, குச்சிக்கிழங்கு நட்டுவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எங்கப்பா முழு ஓடையையே கிழங்குக் காட்டில் மறைத்தவர்.

மாமா வரைபடத்தைக் காட்டி, இங்கே ஓடை போகிறதே மச்சான், தண்ணி எவ்வளவு வரும் என்று கேட்டார். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஓடையாவது ஒன்னாவது. அது வண்டித்தடமுங்க மாப்ள. என்ர காலத்துல அதுல தண்ணி போயிப் பாத்ததில்லை" என்றார். ஓடை என்று எழுதினால் பெரிய பாலம் வரும், பாலத்துக்கு நிலம் இன்னும் போகும், அளவைக்காரன் வந்து புறம்போக்கைப் பிரித்துக் கல் நடுவான். அப்பாவின் மனக்கணக்கு இதுதான். எங்கப்பா கெட்டவரில்லை. நோம்பி என்றால் ஊருக்கே சோறு போடுவார். மண் என்று வந்துவிட்டால் மட்டும் சாமியைக்கூட நம்ப மாட்டார்.

கொஞ்சம் தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டு பாவாயி அக்கா நின்றிருந்தாள். கீழத்தெருவில் வீடு, எங்கள் தோட்டத்தில் வேலை. மாமா அவள் பக்கம் திரும்பினார். திரும்பியதை நான் பார்த்தேன். அப்புறம் அப்பாவைப் பார்த்தார், வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார். ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. பெண் எடுத்த ஊரில், மச்சான் வாய் திறந்து ஒன்றைச் சொன்ன பிறகு, அவர் முன்னாலேயே அவர் தோட்டத்து ஆளைக் கூப்பிட்டு அது நிசமா என்று கேட்பதும் மச்சானைச் செருப்பால் அடிப்பதும் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான். எத்தனையோ சீமையில், பாஷை தெரியாத ஊரில்கூட மூன்று பேரைக் கேட்டவர், மாமனார் ஊரில் ஒரே ஒருத்தரைக் கேட்டுக்கொண்டு கறிச்சோறு சாப்பிட உட்கார்ந்தார். தண்ணீர் போக மூன்று கண் வைத்துக் கட்ட வேண்டிய பாலம் அன்றைக்கு ஒரு கண் குழாயாகச் சுருங்கியது. ஒரு ஆள் குனிந்து போகலாம், அவ்வளவுதான்.

தண்டவாளத்துக்கு மண்கரை எழும்பியது, ரயிலும் வந்தது. முதல் ரயிலுக்கு ஊரே மாலை போட்டது. மாமா ஓய்வு பெற்று ஓமலூரில் வீடு கட்டினார். அத்தை அந்த வீட்டில் கொஞ்ச காலம்தான் இருந்தாள். அதற்குள் மழை திரும்பி வந்துவிட்டது. கரட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் ரயில் கரையில் முட்டி, குழாயில் நுழைய முடியாமல் பின்வாங்கி, கீழத்தெருவுக்குள் ஏறி நின்றது. ஒரு வருஷம் கணுக்கால், இன்னொரு வருஷம் முழங்கால். கேள்விப்பட்டு மாமா ஓமலூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். பாவாயி அக்கா வீட்டு மண்சுவரில் கறையைப் பார்த்தார். கையை வைத்தார், எடுத்தார்.

அதிலிருந்து அந்தக் கரையில் இன்னும் இரண்டு கண் திறக்க வைப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. கோட்ட ஆபீசுக்கு நடையாய் நடந்தார். அங்கே எல்லாரும் பிள்ளை வயசுக்காரர்கள். எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள், நாற்காலி போடுவார்கள், டீ வாங்கித் தருவார்கள். பார்க்கிறோம் சார், உங்க மேல என்னங்க சார் தப்பு என்பார்கள். கடைசியில் ஒரு இளம் அதிகாரி மனமிரங்கி, ஊரில் வந்து விசாரிக்கிறேன், நிலத்துக்காரர் ஓடை இருந்தது என்று சொன்னால் மேலே எழுதலாம் என்றார். ஆக எல்லாம் அப்பாவின் ஒரு வார்த்தையில் வந்து நின்றது.

முதல் நாளே மாமா வந்து அப்பாவிடம் பேசினார். ஒரு காலத்தில் ஓடை இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க மச்சான் என்று கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் காலம் கடந்திருந்தது. பாகம் பிரித்ததில் ஓடை போன இடம் என் தம்பி பங்குக்கு வந்து, அவன் அதன் மேலேயே கோழிப்பண்ணை கட்டியிருந்தான். ஆயிரக்கணக்கில் கோழி. ஓடை என்று சொன்னால் பண்ணை புறம்போக்கில் நிற்கிறது என்று ஆகிவிடும். அப்பா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். என்ர வாயால என்ர பையன் பண்ணையை இடிக்கச் சொல்றீங்களா மாப்ள என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அதிகாரி வந்தார். அப்பாவுக்குத் தென்னமரத்தடியில் நாற்காலி. ஓடைங்களா, கிடையாதுங்க என்றார் அப்பா, அன்றைக்குச் சொன்ன அதே குரலில். அதிகாரி கீழத்தெருச் சனத்தைக் கேட்டார். அவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள், தம்பியைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குப் பண்ணையில்தான் கூலி. பெரியவரு சொன்னாச் சரிங்க என்றார்கள். அப்போதுதான் மாமா, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, மச்சான் பேச்சுக்கு மேல் பேசினார். ஓடை இருக்குது, நான்தான் சரியா விசாரிக்கலை என்றார். எங்கப்பா முகம் செத்துவிட்டது. அதிகாரி நெளிந்தார். பையிலிருந்து மாமா போட்ட பழைய பால வரைபடத்து நகலை எடுத்துப் பிரித்து, மரியாதை குறையாமல், "சார், கிராமப் படத்துல கோடு இருந்தும், உள்ளூர்ல விசாரிச்சதுல நீரோட்டம் இல்லைன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இதை மீறி நான் எதை வெச்சு சார் எழுதுவேன்?" என்றார். மாமா தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வயசான காலத்தில் மனசு சங்கடப்பட்டுப் பேசுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, அதிகாரி அவர் தோளைத் தொட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

போன ஐப்பசியில் தம்பி மகள் பெரியவளானதற்குச் சீர் வைத்திருந்தோம். மாமா வந்திருந்தார். அத்தை இல்லாவிட்டாலும் முறை விட்டுப்போகக் கூடாது என்று பட்டுச்சேலை எடுத்து வந்திருந்தார். பந்தி நடக்கும்போதே கொல்லிமலைப் பக்கம் கறுத்துவிட்டது. சாயங்காலம் மழை நிற்கவே இல்லை. கீழத்தெரு ஆண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ரயில் கரையில் ஏறுகிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். குழாய்க்குப் பக்கத்தில் கரையை வெட்டிவிடப் போகிறார்களாம். மாமா எழுந்து ஓடினார். அந்த வயசில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நானும் பின்னால் ஓடினேன்.

கரை மேலே நனைந்தபடி நின்று இரண்டு கையையும் விரித்தார். வண்டி வருகிற நேரம், இதில் கை வைக்காதீங்க சாமி, வண்டிக்குள்ள புள்ளகுட்டி இருக்குது என்றார். இளவட்டம் ஒருவன் கடப்பாரையைக் கீழே வைக்காமலே கேட்டான்:

"எங்கூட்டுல இல்லீங்களா?"

மாமா கட்டிக் காத்த தண்டவாளம் ஒரு பக்கம், அவர் கை வைத்துப் பார்த்த சுவர் ஒரு பக்கம். வெட்டச் சொல்ல முடியுமா அவரால்? வெட்டாதே என்று சொல்ல அவருக்கு என்ன வாய் இருக்கிறது? பாவாயி அக்காவின் புருசன்தான் கடைசியில் மண்வெட்டியைத் தோளில் போட்டார். ஐயா ரயிலு தெரிஞ்சவரு, அவரு சொன்னா ஒரு காரியம் இருக்கும், இறங்குங்கடா என்றார். எல்லாரும் இறங்கினார்கள். அவர்கள் திட்டியிருந்தால், ஒருவராவது அவரைப் பிடித்துத் தள்ளியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் தண்ணீரை போனில் படம் பிடித்துக்கொண்டே போனார்கள். இருட்டுவதற்குள் பாவாயி அக்கா வீட்டுச் சுவர் உட்கார்ந்துவிட்டது. அதையொட்டி இன்னும் சில வீடுகள். சனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. கட்டியிருந்த ஆடுகளின் ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

காலையில் எங்கப்பா அண்டா அண்டாவாகச் சோறாக்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். வேட்டி சேலை அனுப்பினார். அதையும் சொல்ல வேண்டும்.

மாமாவும் நானும் போனோம். பாவாயி அக்கா அவரைப் பார்த்ததும் எழுந்து தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். மாமா அவள் முன்னால் நின்று, நேராகவே சொன்னார். அந்தக் குழாயைச் சின்னதாக வைத்தது நான்தான், அன்றைக்கு உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் போனேன் என்றார். அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பெரிய மனிதர் எதையோ சொல்லித் தன்னைத் தேற்றுகிறார் என்று நினைத்தாள் போல. "அதெல்லாம் உங்க கையிலயாங்க இருக்குது? எங்க தலையெழுத்துங்க சாமி" என்றாள். அப்புறம் கொஞ்சம் கிட்டே வந்து குரலைத் தணித்து, பேரன் பன்னிரண்டாவது முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான், ரயில்வேயில் யாரிடமாவது சொல்லி ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டாள். பையனைக் கூப்பிட்டு மாமாவின் காலில் விழச் சொன்னாள். கடப்பாரை வைத்திருந்த அதே பையன். விழுந்தான்.

இதை எழுதும் இன்றைக்கும் குழாய் ஒரு கண்தான். கோடையில் அதற்குள் நாய் படுத்துக்கிடக்கிறது. கீழத்தெருக்காரர்கள் தகரமும் தார்ப்பாயும் வைத்து அதே இடத்தில்தான் இருக்கிறார்கள். மாமா இப்போது அதிகம் பேசுவதில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பியதும் மாமா களத்து ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தின நாள் சாயங்காலம் எழுந்து ஓடியதிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நான் தட்டு கொண்டுவந்தால் வேண்டாம் என்றார். மறுபடி கேட்டேன், வேண்டாம் என்றார். உள்கூடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும்.

"ஆபீஸ்ல, உங்க மேல என்னங்க சார் தப்புங்கறாங்க. மச்சான் ஓடையே இல்லைங்கறாரு. பாவாயி தலையெழுத்துங்குது. நீயாச்சும் சொல்லு அம்மணி. என்ர தப்புத்தானே?"

அப்பாவைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் மாமா அதைக் கேட்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்தேன். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரை அவர் கேட்டிருப்பார். ஒருத்தராவது நிசம் சொல்ல மாட்டார்களா என்று இப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"ஆமாங்க மாமா. உங்க தப்புத்தான்" என்றேன்.

பெரிதாக மூச்சு விட்டார். தலையை மெல்ல ஆட்டினார். "சோறு இருந்தாப் போடு சாமி" என்றார். ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பசித்த பிள்ளை மாதிரி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.